1996 உலகக் கிண்ணத்துக்கு முன்பே சமிந்த வாஸ் பெரிய பந்துவீச்சாளரா?

ஓம், என்னைக் கேட்டால் அந்தத் தொடருக்கு ஒரு வருடம் முன்பே அவர் தன்னை நிரூபித்துவிட்டார். இங்கே திருகோணமலையில் 96 என்றதும் அரவிந்தவின் சதம், ஜயசூரியவின் அடி என்றுதான் பேச்சு போகும். வாஸுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அவர் சர்வதேச அரங்குக்கு வந்தது 1994இல். அடுத்த வருடம் மார்ச்சில் நியூசிலாந்துக்கு எதிராக அவர்களின் மண்ணிலேயே நேப்பியர் டெஸ்ட். 1982இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இலங்கை, அதுவரை வெளிநாட்டில் ஒரு டெஸ்ட்கூட வென்றதில்லை. முதல் இன்னிங்ஸில் நாங்கள் எடுத்தது வெறும் 183. வாஸ் 47 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுக்க, நியூசிலாந்து 109இல் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் 43 ஓட்டங்களுக்கு மறுபடி 5. மிச்ச ஐந்தும் முரளிக்கு. வெற்றி 241 ஓட்டங்களால். இதற்கிடையில் துடுப்பாட்டத்திலும் ஆட்டமிழக்காமல் 33, அப்புறம் 36.

அவரிடம் பயமுறுத்தும் வேகம் இல்லை. இடக்கையால் வீசும் பந்து வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்குக் கடைசி நேரத்தில் உள்ளே வளையும். இரண்டு மூன்று பந்து அப்படி வந்த பிறகு, ஒன்று வளையாமல் குறுக்கே நேராகப் போகும். உள்ளே வருமென்று மட்டையை நீட்டியவர் விளிம்பில் பட்டு, விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் களத்தடுப்பாளரிடம் பிடி கொடுப்பார். உப்புவெளிக் கடற்கரையில் மென்பந்து வீசும் இடக்கைப் பொடியன்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அதே 1995இல் பாகிஸ்தானிலும் தொடரை 2-1 என்று வென்றோம். உலகக் கிண்ணத்தில் புதுப் பந்தை வாஸிடம் கொடுக்க அணித்தலைவர் அர்ஜுன யோசிக்கவே தேவையிருக்கவில்லை.