பழைய ஆக்டேவியா விஆர்எஸ் குடும்பத்துக்கு ஆகுமா?

2017 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் (ஆக்டேவியா காரின் வேகமான, ஸ்போர்ட்ஸ் ரகம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பிள்ளைகளோடு தினமும் ஓட்ட நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், யாரும் கைவைக்காத வண்டியாக இருந்தால்.

இடத்துக்குக் குறையே இல்லை. டிக்கி 590 லிட்டர், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும்.

நான் பயப்படுவது ரீமேப்புக்குத்தான், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி சக்தியைக் கூட்டுவதற்கு. 2 லிட்டர் டர்போ இன்ஜின், கம்பெனியிலிருந்து வரும்போதே 230 குதிரைத்திறன். முந்தைய ஓனர் அதற்கு மேலும் ஏற்றி ஓட்டியிருந்தால் டர்போவும் கியர்பாக்ஸும் பட்ட பாடு வெளியே தெரியாது. விற்கும் முன் பழையபடி மாற்றிவிடுபவர்களும் உண்டு. அதனால் இந்த வண்டிகளை நன்கு அறிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

இதன் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வகை. சாதாரண 1.8 லிட்டர் ஆக்டேவியாவில் வரும் உலர் கிளட்சைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். பில்லைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப் கசிவு தெரிந்த பிரச்சினை.

கடைசியாக, வண்டி தாழ்வானது. வீட்டார் எல்லோரையும் ஏற்றி உங்கள் தெரு வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.