பதில்: பறவை டிசைனை அடுக்கினால் வரிசை வரிசையாகத் தெரிகிறது

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பாணியில் நீங்கள் வரைந்த பறவை அருமை. திரைச்சீலை அளவுக்கு அடுக்கியதும் பறவைகள் குறுக்கே வரிசைகட்டி நிற்கின்றன என்றீர்கள். பறவை வரைந்த கட்டங்களை நேருக்கு நேர் ஒட்டியதுதான் காரணம். அடுத்த செங்குத்து வரிசையைக் கட்டத்தின் பாதி உயரம் கீழே இறக்கிப் பாருங்கள். ஹாஃப் டிராப் என்பது இதுதான். அப்படியும் கோடு தெரிந்தால், பறவைகளுக்கு இடையே உள்ள வெற்றிடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்கால் போல ஓடுகின்றன என்று அர்த்தம். கட்டத்தின் ஓரத்தைத் தாண்டிப் போகும் கொடி ஒன்றும், அதன் பின்னால் சிற்றிலைகளும் வரையுங்கள். ஒன்பது கட்டங்களை அடுக்கி, கண்ணைச் சுருக்கித் தள்ளி நின்று பார்த்தால் மிச்சமிருக்கும் கோடு எங்கே என்று தெரிந்துவிடும்.

பழமைக்காகப் போட்ட பழுப்பு ஃபில்டரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1883-இல் வந்த மோரிஸின் 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியைப் பாருங்கள். துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கி, வேண்டிய இடங்களில் அச்சுக்கட்டையால் நீலத்தை வெளுக்கவைத்து, பிறகு சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள். அந்த ஆழம் சாயத்திலிருந்து வந்தது, அழுக்கிலிருந்து அல்ல. நீங்களும் ஐந்தாறு தட்டையான நிறங்களோடு நிறுத்திக்கொண்டு, நிழலைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்டுங்கள்.

விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மோரிஸ் 1896-இல் இறந்தவர். அவருடைய மூல வடிவங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இன்றைய நிறுவனங்கள் மாற்றி வரைந்த பதிப்புகளை மட்டும் தொடாதீர்கள். உங்கள் பறவையோ உங்களுடையதே, தயங்காமல் விற்கலாம்.