மண் உணரி, உரமிடும் கருவி: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

"விவசாயத்துக்குக் கருவி கண்டுபிடிக்கப் போறேன்னு சொல்றா. இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்க வைக்கலாம். ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். இந்தத் துறையில் சர்க்யூட் செய்வது எளிது. அது காட்டும் எண் அந்த மண்ணுக்கு உண்மைதானா என்று நிரூபிப்பதுதான் கடினம். மின்னணுவியலும் மண் வேதியியலும் சேர்ந்து தெரிந்தவர்களால்தான் அது முடியும்.

வேளாண் பொறியியல் நேர்வழி. இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவியியல்) அல்லது எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தாலும் நல்லதே. அப்போது மண் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கச் சொல்லுங்கள்.

புராஜெக்ட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று முள் கொண்ட மலிவான 'என்.பி.கே. சென்சார்' வாங்கி, செல்பேசியில் எண் வரவைத்து முடித்துவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அளப்பது மண்ணின் மின்கடத்துத்திறனை மட்டுமே; தழை (நைட்ரஜன், N), மணி (பாஸ்பரஸ், P), சாம்பல் (பொட்டாசியம், K) சத்துகள் அதிலிருந்து கணக்கிட்ட ஊகம். உப்புத்தண்ணீர் பாய்ந்த மண்ணில் குத்தினால், உரமே போடாவிட்டாலும் மூன்று எண்களும் ஏறும். நேர்காணலில் விவரமறிந்தவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே இது உடைந்துவிடும்.

அதைவிட, ஈரப்பத உணரி ஒன்றை ஒழுங்காக அளவுதிருத்தி, அதாவது அது காட்டும் எண்ணைத் தெரிந்த ஈரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்து காட்டினால் மதிப்பு அதிகம். நீரின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைச் சொல்லும் எண்) சுமார் 80. உலர்ந்த மண் துகளுக்கு 3 முதல் 5 வரை. மின்தேக்குத்திறனை அளந்து ஈரத்தைச் சொல்லும் கெப்பாசிட்டிவ் உணரி நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான். உலர்த்திச் சலித்த மண் 1.3 கிலோ வீதம் ஐந்து பங்கு எடுத்து, 50, 100, 150, 200, 250 மில்லி தண்ணீர் கலந்து, மூடி ஓர் இரவு வைக்கட்டும். மறுநாள் ஒவ்வொன்றையும் சரியாக ஒரு லிட்டர் கனஅளவுக்கு அழுத்தி நிரப்பினால் ஈரம் கனஅளவில் 5 முதல் 25 சதவீதம். ஒவ்வொன்றிலும் அளந்து வரைபடம் போட வேண்டும். பிறகு அதே மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, எடைக் குறைவைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். உணரிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். களிமண்ணில் போட்ட கோடு மணல் மண்ணுக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் தன் தரவிலிருந்தே விளக்கத் தெரிந்த மாணவியை யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள்.

உரமிடும் பக்கம் கணக்கும் இயந்திரமும் கலந்தது. 12 மீட்டர் அகலத்துக்கு வீசும் கருவி நொடிக்கு 2 மீட்டர் நகர்ந்தால், ஹெக்டேருக்கு 100 கிலோ போட நிமிடத்துக்கு 14.4 கிலோ உரம் வெளியேற வேண்டும். கட்டளை வந்து உரத்தின் அளவு மாற 2 நொடி தாமதமானால், 4 மீட்டர் தள்ளித்தான் புதிய அளவு விழும். நிரலில் அதை முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டிபிடிக்கும், வழி அடைபடும். அப்போது மோட்டாரின் சுழற்சியை மட்டும் எண்ணும் கருவிக்கு உரம் விழாதது தெரியவே தெரியாது. அதனால்தான் தொட்டியின் அடியில் எடை உணரி வைக்கிறார்கள். டிராக்டரும் கருவியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 11783 தரநிலையை மூன்றாம் ஆண்டுக்குள் படித்துவிட்டால் நல்லது.

கண்டுபிடிப்பு என்று பேசுவதால் காப்புரிமையையும் சொல்லிவிடுகிறேன். இதே யோசனைக்கு ஏற்கெனவே யாராவது காப்புரிமை கேட்டிருக்கிறார்களா என்ற தேடலை ஏ01சி (A01C) 21/00 (உரமிடும் முறைகள்), ஜி01என் (G01N) 33/24 (மண் ஆய்வு) என்ற காப்புரிமை வகைப்பாடுகளில் தொடங்கலாம். விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியிலோ காணொளியிலோ முழு விவரத்தையும் வெளியிட்டால் பல நாடுகளில் உரிமை கிடைக்காது. போட்டிப் பரிசுக்கு ஆசைப்பட்டு இதை இழந்துவிட வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மண் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உலர்த்தும் அடுப்பும் துல்லியத் தராசும் மாணவர் கைக்கு எட்டுகிறதா, வாரம் எத்தனை மணி நேரம் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.