முதன்மை விளைவு இல்லை, இடைவினை மட்டும் உண்டு: எப்படி எழுதுவது?

வணக்கம். பின்னணி இசை, பணியின் கடினம் என்ற இரு காரணிகளுக்கும் இரண்டிரண்டு நிலைகள் கொண்ட உங்கள் 2×2 சோதனையில் முதன்மை விளைவு (மற்ற காரணியின் நிலைகளைச் சராசரியாக்கியபின் ஒரு காரணிக்குத் தெரியும் விளைவு) எதுவுமின்றி, இடைவினை (ஒரு காரணியின் விளைவு மற்றதன் நிலையைப் பொறுத்து மாறுவது) மட்டுமே புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருப்பதால், "இசைக்கு விளைவில்லை" என்று முடிவுரையில் எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது.

உளவியலாளர்களான காடனும் பேட்லியும் 1975இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முக்குளிப்பவர்கள் சொற்பட்டியல்களைக் கரையிலோ நீருக்கடியிலோ கற்று, பின்னர் அதே இடத்திலோ மற்ற இடத்திலோ நினைவுகூர்ந்தனர். கரையில் கற்றவர்கள் கரையிலேயே சராசரியாக 13.5 சொற்களையும் நீருக்கடியில் 8.6 சொற்களையும் நினைவுகூர்ந்தனர். நீருக்கடியில் கற்றபோது அது முறையே 8.4, 11.4 என்று தலைகீழானது. நினைவுகூர்ந்த இடத்தை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் கரைக்கு 10.95, நீருக்கு 10.0 என்று ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். இடத்துக்கு விளைவில்லை என்பது இதன் பொருளன்று. எதிரெதிர்த் திசையில் இயங்கிய இரண்டு பெரிய வேறுபாடுகள் சராசரியில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன.

ஆகவே, எளிய பணியிலும் கடினமான பணியிலும் இசையின் விளைவைத் தனித்தனியே சோதித்து, பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தையும் (பல சோதனைகள் செய்வதால் தற்செயலாக முக்கியத்துவம் கிடைக்கும் வாய்ப்பைக் குறைப்பது) செய்து, பணிக்கு ஒன்றாக இரு கோடுகள் கொண்ட வரைபடத்துடன் எழுதுங்கள். கோடுகள் உண்மையிலேயே குறுக்கே வெட்டுகின்றனவா, ஒன்று மட்டும் சாய்கிறதா என்பதைப் பொறுத்து விளக்கம் மாறும். நான்கு கட்டங்களின் (இசை, பணி நிலைகளின் நான்கு சேர்க்கைகள்) சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அட்டவணையில் கட்டாயம் தாருங்கள். பலரும் இதை விட்டுவிடுவதால் வாசகருக்கு எதையும் சரிபார்க்க வழியில்லாமல் போகிறது. ஒரு பணியில் முக்கியத்துவம் கிடைத்து மற்றதில் கிடைக்கவில்லை என்பதையே இடைவினைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள்; அதற்கு இடைவினைச் சோதனையின் எஃப் மதிப்புதான் (மாறுபாட்டுப் பகுப்பாய்வு தரும் சோதனை எண்) சான்று.