இரண்டாம் வருட நாடக வகுப்பில் என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நாடகம் ஒரு விருப்பப் பாடம். நான்தான் எடுக்கிறேன். படித்தது இலக்கியம், நாடகம் என்றால் கல்லூரியில் நாலைந்து முறை மேடையேறியதோடு சரி. முதல் நிலை வகுப்பை இரண்டு வருடமாக ஒருவழியாக ஓட்டிவிட்டேன். விளையாட்டு, மௌன நடிப்பு, சின்னச் சின்ன இம்ப்ரொவைசேஷன். பிள்ளைகளுக்குக் கூச்சம் போனால் போதும் என்று இருந்தேன். இந்த வருடம் இரண்டாம் நிலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். 28 பேர், வாரத்துக்கு மூன்று பீரியட், பீரியடுக்கு 45 நிமிடம். அதில் ஏழெட்டுப் பேர் முதல் நிலையே படிக்காமல் வந்து சேர்ந்தவர்கள்.

மூன்றாம் நிலையில் இயக்கம், முழு நீள நாடகம் எல்லாம் வந்துவிடுகிறது. நடுவில் இருக்கிற இந்த வருடத்தில் என்னதான் செய்வது? கிரேக்கத்தில் தொடங்கி வரலாற்று வரிசையில் ஒரு பாடத்திட்டம் எழுதிப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. பேசாமல் ஒரு பெரிய நாடகத்தை எடுத்து வருடம் முழுக்க அதையே செய்துவிடலாமா? மதிப்பெண் எதை வைத்துப் போடுவது? வருடக் கடைசியில் பெற்றோருக்கு ஏதாவது காட்டியாக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

ம.

அன்புள்ள ம.,

பெரிய நாடகம் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அந்தத் தவறைச் செய்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் இதே மாதிரி ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு ராஜா, மந்திரி, படை என்று ஒரு பிரம்மாண்டத்தில் இறங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால் நான்கு பேர் நடித்தார்கள், பத்துப் பேர் அவ்வப்போது வந்து போனார்கள், மீதிப் பேர் வருடம் முழுவதும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஈட்டி பிடித்த பையன் ஒருவன் கடைசி நாளில் என்னிடம் வந்து “சார், நான் என்ன கத்துக்கிட்டேன்னு ரிப்போர்ட்ல எழுதுவீங்க?” என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

உங்களிடம் இருக்கிற நேரத்தை எண்ணிப் பாருங்கள். வருடத்துக்கு 36 வாரம் என்று வைத்தால் 108 பீரியட். தேர்வு, விளையாட்டு விழா, யாரோ வந்து பேசுகிற கூட்டம் எல்லாம் போனால் 80 தேறும். ஒவ்வொன்றிலும் பையை வைத்து, பெஞ்சை ஒதுக்கி, உடம்பைத் தளர்த்தி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும், மிச்சம் 35. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 47 மணி நேரம்தான். 28 பேரை ஜோடி சேர்த்தால் 14 ஜோடி, ஒரு ஜோடிக்குப் பத்து நிமிடம் கவனம் கொடுத்தாலே ஒரு சுற்று முடிய நான்கு பீரியட் ஆகிவிடும். அதனால் பார்த்துக்கொண்டிருக்கிற 26 பேருக்கும் கையில் ஒரு வேலை இல்லையென்றால், உங்கள் வகுப்பு பெரும்பாலான நேரம் பெரும்பாலானவர்களுக்கு வெறும் காத்திருப்புதான்.

சரி, இந்த வருடத்தின் வேலை என்ன என்று கேட்டால், என் கணக்கில் ஒன்றே ஒன்று: இரண்டு பேர் நடிக்கிற காட்சி. முதல் வருடத்தில் கூச்சம் போய்விட்டது, நல்லது, ஆனால் கூச்சம் போன இடத்தில் சேட்டை வந்து உட்கார்ந்திருக்கும். எதில் சிரிப்பு வரும் என்று தெரிந்துவிட்டது, அழுகைக்கு எப்படி மூக்கை உறிஞ்ச வேண்டும் என்று தெரிந்துவிட்டது, எதிரில் நிற்பவர் பேசும்போது மட்டும் காது வேலை செய்வதில்லை. தன் வரி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் அவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுங்கள், பிரதியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டும் வந்துவிட்டால் மூன்றாம் நிலை ஆசிரியர் உங்களைக் கும்பிடுவார்.

முதல் வாரத்திலேயே இந்தப் பத்து வரியைக் கொடுங்கள். நான் எழுதியதுதான், மாற்றிக்கொள்ளலாம்.

– வந்துட்டியா.
– ம்.
– லேட்டாகும்னு நினைச்சேன்.
– ஆகலை.
– அது எங்கே?
– இருக்கு.
– குடு.
– இப்பவா?
– வேற எப்ப?
– சரி.

யார், எங்கே, ‘அது’ என்ன, எதுவும் இதில் கிடையாது. ஒரு ஜோடிக்கு அது இரவல் வாங்கிய நோட்டு, இன்னொரு ஜோடிக்குத் திருட்டுப் பொருள், இன்னொன்றுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட். சூழ்நிலையை ஒரு தாளில் எழுதி அந்த ஜோடிக்கு மட்டும் கொடுங்கள், பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ‘கொடுக்கப்பட்ட சூழ்நிலைகள்’ என்று சொன்னது இதைத்தான், பெயரை அப்புறம் சொன்னால் போதும், முதலில் ‘இருக்கு’ என்கிற ஒற்றைச் சொல் பதினான்கு விதமாக மாறுவதை அவர்கள் காதால் கேட்க வேண்டும். இந்த முதல் சுற்றைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதுகிற குறிப்பை வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கேட்கிற பயிற்சிக்கு அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரின் திரும்பச் சொல்லும் பயிற்சி ஒன்று இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், “உன் காலர் மடங்கியிருக்கு.” மற்றவர் அதையே “என் காலர் மடங்கியிருக்கு” என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அப்படியே போய்க்கொண்டிருக்கும், எதிராளியிடம் ஏதாவது மாறினால் மட்டும் வரியும் மாறும். முதல் மூன்று நாள் சிரிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். நாலாவது நாள் யாரோ ஒருவரின் குரல் தானாகவே தணியும், அப்போது வகுப்பே அமைதியாகும். அது வரும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கும் அந்தப் பத்து வரிக் காட்சிக்கும் சேர்த்துப் பதினைந்து பீரியட் ஒதுக்கலாம்.

அதன்பிறகு எழுதப்பட்ட காட்சி. இங்கேதான் உங்கள் வருடத்தின் பெரும்பகுதி, இருபத்தைந்து பீரியடாவது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ஓரங்கச் சிரிப்பு நாடகங்களிலிருந்து எடுங்கள் என்பேன். ‘கரடி’, ‘பெண் கேட்டல்’ இரண்டிலுமே மூன்றே மூன்று முக்கியப் பாத்திரங்கள், பெரும்பாலான நேரம் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருப்பார்கள். பெண் கேட்க வந்தவன் கேட்க வந்ததை விட்டுவிட்டு ஒரு துண்டுப் புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பான், அது முடிந்ததும் யார் நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பளிச்சென்று தெரியும். மூலத்துக்கு உரிமைச் சிக்கல் கிடையாது, மொழிபெயர்ப்புக்கு இருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதியைப் படிப்பது என்றால் என்ன? பென்சிலோடு படிப்பது. பாத்திரத்தின் எண்ணம் எங்கே திரும்புகிறதோ அங்கே ஒரு கோடு. அப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் எதிராளியை இவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று ஒரு வினைச்சொல் எழுத வேண்டும். ‘கோபமாக’, ‘சோகமாக’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது வினை இல்லை, நடிக்கவும் முடியாது. கெஞ்சுகிறான், மடக்குகிறான், சீண்டுகிறான், மழுப்புகிறான், தட்டிக்கழிக்கிறான், குத்திக்காட்டுகிறான், நைச்சியம் பண்ணுகிறான், வாயை அடைக்கிறான். நம் மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை, வீட்டில் நாள் முழுக்க நடப்பது இதுதானே. வகுப்பில் ஒரு பெரிய அட்டையில் வினைச்சொற்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பார்க்கிற 26 பேருக்கும் வேலை இங்கேதான்: எந்த இடத்தில் எந்த வினை தெரிந்தது, எங்கே கலங்கலாக இருந்தது என்று எழுத வேண்டும். ‘சூப்பர்’ என்று எழுதினால் தாள் திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வாழ்க்கையில் நடந்த சோகத்தை நினைத்து அழு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது, திறந்துவிட்டதை மூட நமக்குப் பயிற்சியும் கிடையாது. உணர்ச்சி நினைவைப் பற்றி அவ்வளவு பேசிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே கடைசிக் காலத்தில் உடல் செயல்கள் பக்கம் நகர்ந்தார். கதவைப் பூட்டு, கடிதத்தை ஒளி, கையைத் துடை. செயல் சரியாக இருந்தால் உணர்ச்சி பின்னாலேயே வந்துவிடும், வராவிட்டாலும் காட்சி நிற்கும். அதே மாதிரி தொடுவது, தள்ளுவது, அறைவது எல்லாம் ஒத்திகையில் இருவரும் பேசி ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். திடீர்க் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

வரலாற்றைத் தூக்கிப் போட வேண்டாம், வரிசையாகச் சொல்வதை மட்டும் விடுங்கள். பழைய கிரேக்கத் திறந்தவெளி அரங்கான எபிடாரஸில் சுமார் 14,000 பேர் உட்காரலாம், நடிகர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். அப்படியானால் கடைசி வரிசைக்காரனுக்குத் துக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? ஆளுக்கொரு வெள்ளை முகமூடியைக் கொடுத்து, செகாவுக்குச் செய்த அதே காட்சியை மைதானத்தின் ஒரு கோடியில் நடிக்கச் சொல்லி, மறுகோடியிலிருந்து பாருங்கள். கண் இமையால் நடித்தவர்கள் எல்லாம் திண்டாடுவார்கள். இன்னொரு நாள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட். ஒத்திகையில் வசனத்தைப் படர்க்கையில், இறந்தகாலத்தில் சொல்வது, மேடைக் குறிப்பையும் சேர்த்து உரக்கச் சொல்வது, இதெல்லாம் அவரே பரிந்துரைத்த வழிகள். “அவள் எழுந்து நின்று, புல்வெளி எங்களுடையது என்று சொன்னாள்.” இப்படி ஒரு முறை ஓட்டிவிட்டுத் திரும்ப இயல்பாக நடிக்கவிட்டால் அந்தப் பாத்திரத்தைப் பற்றி நடிப்பவருக்கே ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு பதினைந்து.

மேடைத் தொழில்நுட்பத்துக்கும் பதினைந்து பீரியட், அதை நான் நடுவில் வைப்பேன், நடித்து நடித்துச் சலித்திருக்கும் நேரத்தில். மேடையின் வலது நடிகரின் வலது, பார்வையாளருடையது அல்ல என்பதில் தொடங்கலாம். மேடையின் பின்பக்கத்தை ஆங்கிலத்தில் ஏன் மேல் (அப்ஸ்டேஜ்) என்கிறார்கள் என்று கேளுங்கள், பழைய மேடைகள் உண்மையிலேயே பின்னோக்கி உயர்ந்து போகும் சரிவுகள். பிறகு தங்கள் காட்சிக்கு 1:25 அளவில் அட்டையில் ஒரு மாதிரி செய்யட்டும், 8 மீட்டர் மேடை 32 சென்டிமீட்டரில் வந்துவிடும், மேசையில் வைத்து வேலை செய்யலாம். செய்து முடித்தபின்தான் கதவு வைத்த இடத்தில் நாற்காலி இருப்பது தெரியும். நடிக்க வாயே திறக்காத பிள்ளைகள் இந்த இடத்தில் தலைவர்கள் ஆகிவிடுவார்கள், பாருங்கள்.

புதிதாக வந்த ஏழெட்டுப் பேரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழையவரோடு புதியவரைச் சேர்த்தால் பழையவர் டைரக்டர் ஆகி உயிரை எடுப்பார், அதனால் புதியவரைப் புதியவரோடே சேருங்கள். இந்த வகுப்பில் சேட்டை படியாதவர்கள் புதியவர்கள்தான், அது அவர்களுக்கு லாபம்.

மதிப்பெண்ணைத் திறமைக்குப் போடாதீர்கள், திறமை உங்கள் வகுப்புக்கு வெளியே வந்தது. நான் என்றால் நூற்றில் 30 பென்சில் குறிப்போடு இருக்கிற பிரதிக்கு, 20 சொன்ன தேதிக்குள் வசனம் மனப்பாடம் ஆனதற்கு, 20 பார்வையாளராக எழுதிய குறிப்புகளுக்கு, மீதி 30 முதல் முறை காட்டியதற்கும் இரண்டாம் முறை காட்டியதற்கும் நடுவில் என்ன மாறியது என்பதற்கு. எனவே ஒவ்வொரு காட்சியும் இரண்டு முறை மேடை ஏற வேண்டும், நடுவில் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். முதல் முறையே பிரமாதமாகச் செய்துவிட்டு இரண்டாம் முறையும் அதையே செய்கிற பிள்ளைக்கு அந்த 30-இல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வீட்டிலிருந்து புகார் வரும், அதனால் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் விஷயம். மிச்சமிருக்கிற பத்து பீரியடில் அதை முடித்துவிடலாம். நாடகம் என்று அழைக்காமல் திறந்த வகுப்பு என்று அழையுங்கள். ஐந்தாறு ஜோடிகள் செகாவ் காட்சிகளில் ஆளுக்கு ஐந்து நிமிடம், அட்டை மாதிரிகள் வாசலில் வரிசையாக. ஒளியும் ஒலியும் மாணவர்கள் கையில், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள், குறுக்கே போகாதீர்கள். நடுவில் மிச்ச ஜோடிகள் அந்தப் பத்து வரிக் காட்சியைத் திரும்பச் செய்யட்டும், சூழ்நிலையைப் பார்வையாளர்களே சொல்லட்டும். ஏதாவது ஓர் அப்பா கையைத் தூக்கி “கல்யாண வீடு” என்பார், கேட்டவுடன் பிள்ளைகள் அங்கேயே இரண்டு நிமிடம் பேசிவிட்டு நடிப்பார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் எப்போதும் பயமாக இருக்கும், அதுதான் நன்றாகவும் போகும்.

அதற்கு அடுத்த நாள் வகுப்பில் அந்த உறையைப் பிரித்து அவரவர் தாளை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே வைத்தோம் என்று மட்டும் மறந்துவிடாதீர்கள், நான் ஒருமுறை மறந்துபோய் ஒரு அலமாரி முழுவதையும் கவிழ்த்திருக்கிறேன்.