அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள்

சென்ற வாரம் விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. மளிகைக் கடை வைத்திருக்கும் தந்தை, தாய், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் செயற்கை நுண்ணறிவு – தரவு அறிவியல் பிரிவில், நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். விடுதியும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு 16 லட்சம் ரூபாய். கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி கடன். முன்பணத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு. "இதை விட்டால் வேறு படிப்பே இல்லை" என்று பெங்களூரில் இருக்கும் சித்தப்பா தினமும் போன் செய்கிறார். அம்மாவுக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. வீட்டில் காட்டுவதற்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

அண்ணாச்சி, உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் பேச்சைத் தொடங்கினேன். கெட்டிக்காரப் பிள்ளை, எங்கே படித்தாலும் பிழைத்துக்கொள்வாள் என்றேன். அப்படிச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. இந்தச் சேர்க்கை வேண்டாம்.

முதலில் பணம். 12 லட்சம் கடனைப் பத்து விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 16,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. வேலை கிடைக்கத் தாமதமானால் அந்தத் தவணை உங்கள் கல்லாவிலிருந்துதான் போகும். அந்தப் பிரிவுக்கு அடிப்படையான புள்ளியியலை நடத்துவது யார், எத்தனை பருவம் நடத்துகிறார்கள் என்று கல்லூரியில் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றீர்கள். பாடப்பிரிவின் பெயரை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய கடனில் இறங்கக் கூடாது.

இப்போது அந்த நோட்டு. நீங்கள் கட்டணக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாளே, அது. உங்கள் கடையில் பணம் வந்ததும் அறிவிக்கும் ஒலிப்பெட்டி இருக்கிறது. பதினோரு நாள் அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு மணி, யார் கைபேசியில் கட்டினார்கள், யார் ரொக்கம் கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாள். பகலில் ஒலிப்பெட்டி ஓயாமல் பேசுகிறது. மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ரொக்கம்தான் அதிகம். ஆலை வேலை முடிந்து வரும் பெண்கள், பாட்டிமார்கள், சின்ன எண்ணெய்ப் பாக்கெட் வாங்குபவர்கள். "கைபேசிக் கணக்கை மட்டும் பார்த்து அப்பா சரக்கு எடுத்தால் இவர்கள் கேட்கும் சாமான் கடையில் இருக்காது, சார்" என்றாள். இந்தப் பிள்ளையிடம் எதில் ஆர்வம் என்று நான் தனியாகக் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

கைபேசிப் பதிவில் வராதவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? உலகம் முழுவதும் பெரிய ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. கென்யாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக் கைபேசிகளின் கோபுரப் பதிவுகளை வைத்து, மலேரியாக் கிருமி மனிதர்களோடு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பயணம் செய்கிறது என்று 2012-ல் வரைபடம் போட்டார்கள். அருமையான வேலை. ஆனால் கைபேசி இல்லாதவர் அந்தப் பதிவில் எங்கே இருப்பார்? நம் நாட்டிலேயே 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடுதான். மீதிப் பெண்களைத் தேடி யாராவது வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

பக்கத்துக் கேரளத்துக் கதை ஒன்றையும் உங்கள் மகளுக்குச் சொன்னேன். 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் பதினொரு மீனவர்களின் மத்தி மீனை வாங்க ஆளில்லை. அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். பிறகு அந்தக் கடற்கரைக்குக் கைபேசி வந்தது. படகிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். விற்காத மீனை வீணாகக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஐந்து ஆண்டு, வாரந்தோறும், 300 படகுக்காரர்களிடம் கேட்டு எழுதிய கணக்கு அது. உங்கள் மகள் நோட்டின் பெரிய வடிவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் சொல்வது பி.எஸ்ஸி. புள்ளியியல். பொறியியல் கலந்தாய்வு, மருத்துவம், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்கு ஊரே சொல்லும், அவற்றை விட்டுவிடுகிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் அடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சென்னைக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது என்றீர்கள். பொறியியல் கல்லூரி விடுதிக்கு அனுப்பத் துணிந்த நீங்கள் இதற்குத் தயங்குவதில் நியாயமில்லை. பெண்ணை வெளியூர் அனுப்பும் பயம் இரண்டுக்கும் ஒன்றுதானே.

மூன்றாண்டு முடிந்தபின் வழிகள் நல்லவை. குடும்பநல ஆய்வை நடத்தும் மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1956 முதல் இயங்குகிறது. மக்கள்தொகையியலும், மருத்துவத் தரவுகளை ஆராயும் உயிரிப் புள்ளியியலும் அங்கே முதுநிலையில் படிக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) உயிரிப் புள்ளியியல் முதுநிலை உண்டு. மருத்துவ ஆய்வுகளுக்கு அந்த ஆட்கள் இல்லாமல் நடக்காது. புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த பட்டதாரிகள் 21 வயதிலிருந்து யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை மறைக்கப் போவதில்லை. முதல் வேலையில் சம்பளமும் சித்தப்பா சொல்லும் தொகையாக இருக்காது. ஆனால் தலைமேல் கடன் இருக்காது. இவ்வளவு பெரிய நாட்டின் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கைபேசிச் செயலியில் நடக்கப் போகிறது. அந்தக் கணக்கில் விடுபட்டவர் யார் என்று கேட்கத் தெரிந்தவர்கள் எங்கும் தேவைப்படுவார்கள்.

இன்னொன்றும் அவள் படிக்க வேண்டும். 15 லட்சம் பேரின் கைபேசி நடமாட்டத்தை 2013-ல் ஆராய்ந்தபோது, எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிக் கொடுத்தன, பெயரே இல்லாமல். அவள் நோட்டில் சிலரின் பெயர் எழுதியிருந்தது. அழித்துவிடச் சொன்னேன், உடனே அழித்தாள்.

சித்தப்பாவிடம் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். மகளிடம் வருத்தத்தைக் காட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். முதல் விருப்பமாகப் புள்ளியியல், அடுத்ததாகக் கணிதம். புள்ளியியல் கணக்குப் போடும் ஆர் (R) மென்பொருள் இலவசம், கடைக் கணினியிலேயே பழகலாம்.

நோட்டை நிறுத்தவிடாதீர்கள். பதினோரு நாளில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் வந்திருக்கிறது, ஆலைகளில் வாரக் கூலி கொடுக்கும் நாள் அது. இன்னும் நான்கு சனிக்கிழமையாவது எழுதச் சொல்லுங்கள்.