சாலையின் நிலை: கண்ணால் பார்ப்பதும் லேசரால் அளப்பதும்

கேள்வி: ஒரே சாலைக்கு நடந்து பார்த்தவர்கள் 72 மதிப்பெண் கொடுத்தார்கள். சாலைப் பரப்பை லேசரால் அளந்துகொண்டே ஓடும் வண்டி 58 என்கிறது. எதை நம்புவது?

பதில்: உடனே எதையும் தள்ளிவிடாதீர்கள். முதலில் இரண்டும் ஒரே வரையறைப்படி எண்ணினவா என்று பாருங்கள். 8 மில்லிமீட்டர் அகலத்தில், நிரப்பாத குறுக்கு விரிசல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் ஏஎஸ்டிஎம் டி6433 என்ற தரநிலை முறையில் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தது லேசானது. அமெரிக்காவின் நீண்டகாலச் சாலை ஆய்வுத் திட்டமான எல்டிபிபியின் கையேட்டில் எல்லை 6 மில்லிமீட்டர், அதனால் அங்கே அது நடுத்தரம். விரிசல் மாறவில்லை, மதிப்பு மாறிவிடுகிறது.

அப்புறம், நடந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் மாதிரித் துண்டுகளை மட்டும் பார்க்கிறார்கள். வண்டி ஓடிய தடம் முழுவதையும் பார்க்கிறது, ஆனால் பக்கத்துத் தடத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: இயந்திரம் நிச்சயமாக மிஞ்சுவது எதில்?

பதில்: மேடுபள்ளத்திலும் சக்கரத்தடப் பள்ளத்திலும். மேடுபள்ளத்தைச் சொல்லும் ஐஆர்ஐ என்ற அளவு 1982-ல் பிரேசிலில் உலக வங்கி ஆதரவில் நடந்த சோதனையிலிருந்து வந்தது. அளந்த சாலை வடிவத்தின் மேல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் ஓடினால் எவ்வளவு குலுங்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதைக் கண்ணால் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கே சறுக்குகிறது?

பதில்: ஈரச் சாலை லேசரைக் குழப்பும். சாதாரணக் கேமராப் படத்தில் மரக்கிளையின் நிழல் விரிசலாகப் பதிவாகலாம். ஜல்லி பெயர்ந்த பரப்பையும், போடும்போதே சொரசொரப்பாகப் போட்ட பரப்பையும் பிரித்தறிய மென்பொருள் திணறும்.

எனக்கு முக்கியமாகப் படுவது, முதலைத் தோல் போல வலையாகப் பரவும் முதலைத்தோல் விரிசலின் தொடக்கம். சக்கரம் ஓடும் தடத்தில் இரண்டு மூன்று மெல்லிய நீளக் கோடுகளாகத்தான் அது ஆரம்பிக்கும். மென்பொருள் அதைச் சாதாரண நீள விரிசல் என்று எழுதிவிடலாம். அனுபவசாலி குனிந்து பார்த்து, பாரத்தால் வரும் சோர்வு என்று கண்டுகொள்வார். சாதாரண நீள விரிசலை நிரப்பினால் போதும். சோர்வு விரிசலை நிரப்பிவிட்டுப் போனால் அடியில் சேதம் தொடரும்.

கேள்வி: மனிதர்கள் மட்டும் ஒரே மாதிரி எழுதுகிறார்களா?

பதில்: இல்லை. ஒரே துண்டுக்கு இருவர் இரண்டு மதிப்பு எழுதுவது சகஜம். மழை பெய்து பரப்பு காயும்போது விரிசலில் மட்டும் ஈரம் தங்கிக் கறுப்பாகத் தெரியும். நண்பகலில் கண்ணில் படாத கோடெல்லாம் அப்போது பட்டியலில் ஏறும்.

கேள்வி: நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: நல்லது, சுமார், மோசம் மூன்றிலும் துண்டுகள் எடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் பெயின்டால் குறியுங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிப்போனாலே பக்கத்துத் துண்டின் சேதம் உங்கள் கணக்கில் வந்துவிடும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் பலர் மதிப்பிடட்டும், வண்டியும் பலமுறை ஓடட்டும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, சேத வகை வகையாக ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போய் உள்ளே எல்லாம் முரண்படலாம்.

கேள்வி: செல்பேசிச் செயலி போதுமா?

பதில்: குலுங்கும் இடங்களைத் தோராயமாகக் காட்டும். வண்டியின் சஸ்பென்ஷனும் வேகமும் மாறினால் எண்ணும் மாறும்.

கேள்வி: அப்படியென்றால் ஆட்களை நிறுத்திவிடலாமா?

பதில்: வேகச்சாலையில் ஆளை இறக்கி அளப்பது ஆபத்து, அங்கே வண்டிதான் சரி. ஆனால் ஆளிலிருந்து வண்டிக்கு மாறும் ஆண்டில் சில சாலைகளையாவது இரண்டு முறையிலும் அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மதிப்பெண் விழும்போது, சாலை கெட்டதா, முறை மாறியதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.